மாட்டுக்கு ஊறுகாய்: குழியா, உருண்டையா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப அக்கா வீட்டு மாட்டுக்கொட்டாயில உட்கார்ந்து மாமாவோட கணக்குப் போட்டேன். அதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியலை. சினிமா, அரசியல் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்குப் பேசப்போறது மாட்டுத்தீவனம் :-)

சைலேஜ்னு ஒண்ணு இருக்கு. பச்சைத் தீவனத்தைப் பொடியா நறுக்கி, காத்துப் போகாம அமுக்கி மூடி வெச்சா அது புளிச்சு, மாசக்கணக்குல கெடாம இருக்கும். விவசாயத் துறைக்காரங்க இதுக்கு 'ஊறுகாய்ப்புல்'னு பேர் வெச்சிருக்காங்க. சரியான பேர்தான். மாங்காயை உப்புல ஊறவெச்சு வருஷம் பூரா தொட்டுக்கற மாதிரி, மழைக்காலத்துப் பச்சையை வெயில்காலத்துக்கு எடுத்து வைக்கிறது.

இதை ரெண்டு விதமா வைக்கலாம். ஒண்ணு, நிலத்துல குழி வெட்டி, மிதிச்சு, மேல பாலிதீன் ஷீட்டும் மண்ணும் போட்டு மூடறது. இன்னொண்ணு, மிஷின்ல உருண்டையா இறுக்கிக் கட்டி, சுத்திலும் பிளாஸ்டிக் சுத்தறது. இதை 'பேல்'ங்கறாங்க. எது மலிவு? இதுதான் மாமாவுக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதம். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம்.

தாது வருஷம்

எங்க தருமபுரி அப்போ சேலம் ஜில்லாவுல இருந்தது (தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2). 1876-78 பஞ்சத்தை எங்க பக்கம் இன்னும் 'தாது வருஷப் பஞ்சம்'னுதான் பெரியவங்க சொல்வாங்க. 1871 கணக்கெடுப்புல சேலம் ஜில்லாவோட ஜனத்தொகை 20 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1881ல் அது 16 லட்சம். பத்து வருஷத்துல வளர வேண்டிய எண்ணிக்கை அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. மனுஷங்க கதியே இப்படின்னா மாடுங்க கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்ச்சா முதல்ல காய்றது மேய்ச்சல் நிலம்தான்.

அதே 1877ல் பிரான்ஸ்ல ஒரு விவசாயி ஒரு புத்தகம் போட்டார். அவர் பேர் ஒகுஸ்த் கொஃபார். பச்சை மக்காச்சோளத்தை எப்படி நறுக்கி, குழியில அமுக்கி, குளிர்காலம் பூரா மாட்டுக்குப் போடறதுங்கறதுதான் விஷயம். 1850கள்லயே சோதனையை ஆரம்பிச்சவர். அவர் கண்டுபிடிச்சதோட சாரம் ரெண்டே ரெண்டுதான்: பொடியா நறுக்கு, பாரம் ஏத்தி அமுக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள அமெரிக்காவுல இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்திடுச்சு. அப்புறம் அது உலகம் பூரா பரவிச்சு.

இங்க மாடு செத்துக்கிட்டிருந்த அதே வருஷம், மாட்டைக் காப்பாத்தற வித்தை அங்க அச்சாகிக்கிட்டிருந்தது. இது எனக்கு முதல்ல தோணினப்போ கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் குழி நமக்குப் புதுசு இல்லை. கேவுரை (ராகியைத்தான் சொல்றேன்) நிலத்துக்கடியில குழியில கொட்டி மூடி வருஷக்கணக்குல வெச்சிருந்த ஊருங்க இது. மைசூர் பக்கம் அதுக்கு 'ஹகேவு'ன்னு பேர். காத்துப் போகாம மூடினா பூச்சி பிழைக்காதுங்கறது நம்ம பாட்டனுக்குத் தெரியும். ஆனா காய்ஞ்ச தானியத்தை வெச்சாரே தவிர ஈரத் தழையை வைக்கலை. மாட்டுக்குச் சோளத்தட்டும் கேவுரு தாளும் போர் போட்டு வெச்சார். நாட்டு மாட்டுக்கு, ஆலம்பாடி மாட்டுக்கு, அது போதும். ஆலம்பாடி மாடு காட்டுல மேய்ஞ்சே பிழைக்கிற ஜாதி.

பெரிய பண்ணைக்கு வந்த வித்தை

இந்தியாவுல முதல் ராணுவப் பண்ணை 1889ல் அலகாபாத்துல ஆரம்பிச்சது. (இந்தப் பண்ணைங்களை 2021 மார்ச்சோட மூடிட்டாங்க.) எங்க பக்கத்துல ஓசூர்ல 1824லேயே கும்பினியார் குதிரைக்காகத் தொடங்கின பண்ணை, பின்னாடி அரசு கால்நடைப் பண்ணையாச்சு. பரப்பு 1,600 ஏக்கருக்கு மேல. 2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரி பிரியற வரைக்கும் அது எங்க ஜில்லாதான்.

நான் சொல்ல வர்றது என்னன்னா, இந்த மாதிரி நூத்துக்கணக்குல உருப்படி இருக்கற இடத்துக்குத்தான் சைலேஜ் குழி சரியாப் பொருந்தும். குழியைத் திறந்த நாள்ல இருந்து வண்டி வண்டியா அள்ளி அள்ளி தீர்த்துடுவாங்க. அந்தப் பண்ணை வித்தையை அப்படியே எடுத்துக்கிட்டு வந்து ரெண்டு மாட்டு வீட்டுல சொன்னா என்ன ஆகும்? எங்க வீட்டுல ஆச்சே!

கொஞ்சம் கொசுவத்தி

1980கள் கடைசி. அப்பா அப்பதான் ரெண்டு கலப்பின மாடு வாங்கியிருந்தார். கலப்பின மாட்டுக்குப் பச்சை இல்லேன்னா பால் சட்டுனு இறங்கிடும். யாரோ ஒருத்தர் வந்து குழி போடச் சொல்லிட்டுப் போனார். பத்தடி நீளம், எட்டடி அகலம், ஆறடி ஆழம். நாங்க பசங்க எல்லாம் உள்ள இறங்கிக் குதிச்சு மிதிச்சோம். எங்களுக்குத் திருவிழா. வெல்லத் தண்ணி தெளிச்சதுல பாதி எங்க வாய்க்குள்ள போச்சு.

மாசி மாசம் திறந்தப்ப வாசனை நல்லாத்தான் இருந்தது, பழம் புளிச்ச மாதிரி. மாடும் முதல் வாரம் ஆசையாத் தின்னுச்சு. பத்தாம் நாள் கை வெச்சா சூடு. அப்புறம் வெள்ளைப் பூசணம். அப்புறம் கறுப்பு. பாதிக்கு மேல குப்பைக்குழிக்குப் போச்சு. "மாட்டுக்கு ஊறுகாய் போட்டவன் நான் ஒருத்தன்தான்டா"ன்னு அப்பா ரொம்ப வருஷம் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தார். ஆனா அந்த வருஷம் அவர் சிரிக்கலை.

தப்பு எங்கேன்னு எனக்கு இப்பதான் புரியுது. மிதிச்ச சைலேஜ் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 500 கிலோ. ரெண்டு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 40 கிலோ. எட்டுக்கு ஆறடி முகப்புல 40 கிலோ எடுத்தா, ஒரு நாளைக்கு முக்கால் அங்குலம்தான் உள்ள போவோம். நம்ம வெயிலுக்குத் தினம் அரை அடியாவது எடுத்தாத்தான் காத்துக்கு முன்னாடி நாம ஓட முடியும். திறந்த அன்னைக்கே காத்து உள்ள புகுந்துடும். காத்துப் போனா ஈஸ்ட்டும் பூசணமும் எந்திரிச்சு, புளிப்பைத் தின்னுட்டு, சூடு கிளப்பிடும். அப்பாவோட குழியில குத்தமில்லை, மாடுதான் குறைச்சல்!

நோபல் வாங்கின புல்லு

இந்தப் புளிப்பு லேசுப்பட்ட விஷயம் இல்லை. பின்லாந்து விஞ்ஞானி விர்த்தானன், தீவனத்துல அமிலம் சேர்த்துக் கெடாம வைக்கிற முறையைக் கண்டுபிடிச்சதை முக்கியமாச் சொல்லி, 1945ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தாங்க. மாட்டுத்தீவனத்துக்கு நோபல்!

பேல் கதை அதுக்கும் பின்னாடி. அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல கேரி வெர்மீர்ங்கறவர் 1971ல் பெரிய உருண்டையாக் கட்டற மிஷினைச் செஞ்சார், அது காய்ஞ்ச புல்லுக்கு. 1980கள்ல ஐரோப்பாவுல ஈரப்புல் உருண்டைமேல இழுவைப் பிளாஸ்டிக்கைச் சுத்த ஆரம்பிச்சாங்க. அப்பதான் ஒவ்வொரு உருண்டையும் ஒரு குட்டிக் குழியாச்சு. நம்ம ஊருக்குச் சின்ன சைஸ் மிஷின் வந்துது. ஒரு பேல் 50, 60 கிலோ. மூணு மாட்டுக்கு ஒரு நாள் சாப்பாடு! பிரிச்ச அன்னைக்கே தீர்ந்துடும், பூசணத்துக்கு நேரமே இல்லை. 2021ல் திருத்தின தேசிய கால்நடை இயக்கத்துல சைலேஜ் தயாரிக்கிற யூனிட்டுக்கு 50 சதவீத மானியம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய்னு வந்ததும் இதுக்கு இன்னும் சூடு பிடிச்சது.

மாமாவோட கணக்கு

இனிமே காசு. மாமாவுக்கு அரூர் பக்கம் மூணு கறவை. வெயில்காலம் 100 நாள், மாட்டுக்கு 20 கிலோ வீதம் 6 டன் வேணும். இது நாங்க நோட்டுல போட்ட எங்க ஊர் 2023-24 கணக்கு. உங்க ஊர்ல வேற மாதிரி இருக்கலாம்.

பேல்: கொட்டாய் வாசல்ல இறக்கி கிலோ 8 ரூபாய். 6 டன்னுக்கு 48,000.

குழி: 7 டன் பச்சை மக்காச்சோளம், பால் பிடிச்சு மாவு கட்டற பருவத்துல, கிலோ 3 ரூபாய்னு 21,000. வெட்டி, சுமந்து, மிஷின்ல நறுக்க 5,000. ஜேசிபிக்கு 2,400. பாலிதீன் ஷீட் 2,000. மிதிக்க ஆள்கூலி 2,000. உப்பு, வெல்லம் 600. மொத்தம் 33,000.

போட்ட 7 டன்ல 6 டன் மாட்டு வாய்க்குப் போனா கிலோ 5 ரூபாய் 50 காசு. 5 டன் போனா 6 ரூபாய் 60 காசு. சுமார் 4,100 கிலோதான் தேறிச்சுன்னா பேலும் குழியும் ஒரே விலை. அதாவது, அஞ்சுல ரெண்டு பங்கு கெட்டுப்போற வரைக்கும் குழிதான் மலிவு. அதுக்கு மேல கெட்டா (எங்க அப்பா கேஸ்!) பேல்தான் மலிவு.

"மாப்ளே, மிதிச்சது நானும் உங்க அக்காவும். அதுக்கு என்னத்துக்குக் கூலி?"ன்னார் மாமா. அக்கா ஒரு முறை முறைச்சாங்க பாருங்க... கூலியை நோட்டுல சேர்த்துட்டேன்.

பேலுக்கும் நியாயம் உண்டு. 33,000 ரூபாயை மார்கழியில ஒரே மூச்சுல எடுத்து வைக்க எல்லாராலயும் முடியாது. பேலைப் பால் பணம் வர வர நாலு நாலா வாங்கிக்கலாம். மழைத்தண்ணி இறங்கற பயம் இல்லை, ஆள் தேட வேண்டாம். ஆனா நாம வாங்கற ஒரு டன்ல 650, 700 கிலோ வெறும் தண்ணி. லாரி வாடகை தண்ணிக்கும் சேர்த்துத்தான். எலியோ காக்காயோ ஒரு ஓட்டை போட்டா அந்த உருண்டை காலி. சுத்தின பிளாஸ்டிக்கை என்ன பண்றதுன்னு இன்னும் யாருக்கும் தெரியலை. எங்க ஊர்ல அது முள்வேலியில பறந்துக்கிட்டிருக்கு.

சரி, மாமா என்ன பண்ணினார்? அப்பா மாதிரி அகலமா வெட்டாம, ரெண்டரை அடி அகலம், மூணேகால் அடி ஆழம், 30 அடி நீளத்துல மேட்டுப்பாங்கா ரெண்டு குழி வெட்டினார். முகப்பு சின்னது. மூணு மாட்டுக்கு 60 கிலோ எடுத்தா தினம் அரை அடி நகர்ந்துடும். ஒண்ணு தீர்ற வரைக்கும் அடுத்ததைத் தொடறதில்லை. 2024 வெயில்ல 7 டன்னுல சுமார் அஞ்சரை டன் தேறிச்சு. கிலோ 6 ரூபாய். பேலைவிட 11,000 ரூபாய் மிச்சம். குறைஞ்ச அரை டன்னுக்கு மட்டும் பேல் வாங்கினார்.

ஒரு மாடு மட்டும் இருக்கற வீட்டுக்கு இந்தக் குழியும் பெருசுதான். அவங்களுக்கு உள்பை போட்ட சாக்குல அமுக்கிக் கட்டற முறைதான் சரி. ஒரு மூட்டை ரெண்டு நாளைக்கு.

விலை யார் கையில

கணக்கு முடிஞ்சதும் மாமா ஒண்ணு சொன்னார். 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுது ஞாபகம் இருக்கா? 2017 ஜனவரியில தமிழ்நாடு பூராவையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம் மாமா ரெண்டு கறவையைக் காரிமங்கலம் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போனார். பாதி விலைக்குக் கேட்டாங்க. கொடுத்துட்டு வந்தார். "அன்னைக்குத் தீவனம் எங்கயும் இல்லாம இல்லை மாப்ளே. விக்கிறவன் சொன்ன விலைக்கு என்கிட்ட காசு இல்லை"ன்னார்.

தாது வருஷத்துலயும் அதுதானே? ஜனம் செத்துக்கிட்டிருக்கும்போதே இந்தியாவுல இருந்து தானியம் கப்பல் ஏறிக்கிட்டிருந்தது. தானியம் இருந்தது, வாங்கக் காசுதான் இல்லை.

அதனால 8 ரூபாய்க்கும் 6 ரூபாய்க்கும் நடுவுல இருக்கற 2 ரூபாயை மட்டும் பார்த்தா முழுக் கணக்கு ஆகாது. இந்த 8 ரூபாய் மழை பெய்ஞ்ச வருஷத்து விலை. மழை இல்லாத வருஷம் அது 8 ரூபாயா இருக்காது. மார்கழியில மூடின குழியோட விலை மார்கழியிலயே முடிஞ்சு போச்சு, சித்திரையில யாரும் அதை ஏத்த முடியாது. பேல்தான் வசதின்னா அதையும் தை மாசத்துலயே வாங்கி அடுக்கிடுங்க. ஓட்டை விழாம பார்த்துக்கிட்டா அதுவும் மாசக்கணக்குல நிக்கும். குழியோ உருண்டையோ, வெயிலுக்கு முன்னாடி நம்ம கொட்டாய்க்கு வந்திருக்கணும்.

அப்பா இருந்திருந்தா அந்த ரெண்டரை அடிக் குழியைக் காட்டியிருப்பேன். நாலு வார்த்தை திட்டிட்டு, கை விட்டு மோந்து பார்த்திருப்பார்.

உங்க ஊர்ல யாராவது குழி போட்டிருந்தா என்ன அளவு, எவ்வளவு தேறிச்சுன்னு சொல்லுங்க. மாமா கேட்கச் சொன்னார்.