ஓசியும் உரிமையும்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நம் கம்ப்யூட்டர் லேப்தான். 1993ல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைவதுபோல் நுழைவோம். சட்டைப் பையில் ஒரு ஃபிளாப்பி இருக்கும். எவன் கையில் புது மென்பொருள் வந்தாலும் சாயங்காலத்துக்குள் ஐம்பது பேரிடம் அதன் நகல் இருக்கும். "நகல் எடுக்கலாமால?" என்று ஒருத்தனும் கேட்டதில்லை. ஓசியில் வந்தது, ஓசியில் போகிறது, அவ்வளவுதான். கும்பினிக் கடிதங்கள் தபால்தலை இல்லாமல் போனதிலிருந்துதான் 'ஓசி' என்ற சொல்லே வந்தது என்பார்கள். அந்தக் கும்பினிக்காரன் சலுகையைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம்!

ஆனால் யாருக்கு எது சொந்தம், யார் எடுக்கலாம் என்ற கேள்வி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் முத்துப்பார்கள் அரசின் சொத்து. அரசு அறிவித்தால்தான் முத்துக்குளிப்பு. மூச்சடக்கி மூழ்கியவருக்கு எடுத்த சிப்பியில் ஒரு பங்குதான், பெரும்பங்கு அரசுக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. கடைகளில் விலைக்கு வரும் மென்பொருளும் ஏறக்குறைய இப்படித்தான். பணம் கொடுத்து வாங்கினாலும் பயன்படுத்தத்தான் அனுமதி, பொருள் நம்முடையதல்ல.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. எட்டயபுரத்துப் பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. 1949ல் சென்னை மாகாண அரசு அதைப் பெற்றது, பின்னர் பொதுவாக்கியது. நாட்டுடைமை ஆன படைப்பை யாரும் அச்சிடலாம், பாடலாம், விற்கலாம்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அது மென்பொருள் உலகில் பிறந்தது. 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். 1989ல் ஜி.பி.எல். என்னும் உரிமம் வந்தது, 1991ல் அதன் இரண்டாம் பதிப்பு. அதன்படி நகல் எடுக்கலாம், திருத்தலாம், காசுக்கும் விற்கலாம். ஆனால் உனக்குக் கிடைத்த அதே உரிமையை, மூல நிரலோடு, உன்னிடம் வாங்குபவனுக்கும் நீ கொடுத்தாக வேண்டும். ஆசிரியரின் காப்புரிமை அவரிடமே இருக்கும். லினக்ஸ் 1991ல் முதலில் வெளிவந்தபோது, பிறருக்குக் கொடுக்கையில் காசு வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஃபிளாப்பிச் செலவைக்கூட வாங்க முடியாமல் போகவே, 1992ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஜி.பி.எல்.லுக்கு மாற்றினார்.

சரி, நூறு மென்பொருள்களை ஒரே தட்டில் தொகுத்தால் எந்த உரிமம் செல்லும்? ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமமே செல்லும். ஒரே தட்டில் பக்கத்தில் இருப்பதாலேயே மற்றதை ஜி.பி.எல். கட்டுப்படுத்தாது என்று அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. 1997ல் டெபியன் குழுவினர் இதற்கென ஒரு சல்லடையே செய்தார்கள். தடையின்றி மறுவிநியோகம் செய்யலாமா, மூல நிரல் உண்டா, திருத்தலாமா என்று பார்த்துத்தான் தொகுப்பில் சேர்ப்பார்கள். சல்லடையில் நிற்காதது தனிப் பிரிவுக்குப் போய்விடும்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது பட்ட பிறகுதான். 2002ல் நண்பர்கள் நாலுபேர் சேர்ந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தமிழ் எழுத்துருக்களையும் தட்டச்சுக் கருவிகளையும் ஒரு சிடியில் போட்டோம். நூறு நகல். திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்று மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. ஓர் எழுத்துருவைச் செய்தவர் எழுதியிருந்தார்: 'நீங்கள் பயன்படுத்தத்தான் கொடுத்தேன். ஊருக்குக் கொடுக்கச் சொல்லவில்லையே!' நியாயம்தானே? அவர் பக்கத்தில் நிபந்தனை தெளிவாகவே இருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

பஸ் ஏறிப் பள்ளி பள்ளியாகப் போய் சிடிகளைத் திரும்ப வாங்கினோம். ஒரு தலைமையாசிரியர், "ஓசிக்குத்தானே கொடுத்தீங்க அண்ணாச்சி, இதுல என்ன தப்பு?" என்றார். பக்கத்தில் நின்ற தமிழாசிரியை ஒன்றும் பேசவில்லை. அந்த எழுத்துருவில் அவர் ஒரு வருஷத்து வினாத்தாள்களை அடித்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் ஜிலேபி சுற்றியதுபோல் இருக்கும். எழுத்துரு போனதும் அவர் உழைப்பும் போயிற்று. அந்த முகத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

சரியாகச் செய்தவர்களும் இருந்தார்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களின் முதல் பக்கத்திலேயே நிபந்தனையைச் சொல்லிவிட்டது. தாராளமாகப் பரப்பலாம், முகப்புப் பக்கத்தை மட்டும் நீக்கக் கூடாது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் மென்பொருள் தொகுப்பைச் சிடியாகச் சென்னையில் இலவசமாக வெளியிட்டது. 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஜி.பி.எல்.லில் இருந்த லோஹித் தமிழ் எழுத்துரு 2011ல் எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட திறந்த உரிமத்துக்கு மாறியது. அந்த உரிமப்படி எழுத்துருவை மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், தனியாக மட்டும் விற்கக் கூடாது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் ஒரு தொகுப்பைச் செய்தால் ஒவ்வொன்றின் உரிமத்தையும் படியுங்கள். உரிமம் எழுதியிராவிட்டால் அனுமதி இல்லை என்றே பொருள். எழுதியவர் பெயரை எடுக்காதீர்கள். நீங்களே ஒன்றைச் செய்து வெளியிட்டால், பிறர் என்ன செய்யலாம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருபவன் யாரைத் தேடிப் போய் அனுமதி கேட்பான்?

விழா அன்று நானும் வருகிறேன், கையில் மக்ரூன் பொட்டலமும் ஒரு பென்டிரைவும் இருக்கும். அதில் தமிழ் எழுத்துருக்களும் கருவிகளும், ஒவ்வொன்றின் உரிமத் தாளும் உண்டு. வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம். உரிமத் தாளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.