கிரே மறுக்கப்படுவதற்கு முன்பே: வி. ராஜாராமனும் இந்திய இணைக் கணிப்பின் வேர்களும்

அமெரிக்கா கிரே மீக்கணினியைத் தர மறுத்தது, அதனால் இந்தியா தானே ‘பரம்’ மீக்கணினியைச் செய்துகொண்டது என்றே நம் இணைக் கணிப்பின் வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மறுப்பு உண்மைதான். ஆனால் மறுத்த மறுநாளே ஒரு நாடு கணினி செய்யத் தொடங்கிவிட முடியாது. வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு கணினி அறிவியலாளர் வி. ராஜாராமனின் ஆய்வு வாழ்க்கையில் விடை தேடுகிறது இக்கட்டுரை.

ராஜாராமன் 1933இல் ஈரோட்டில் பிறந்தவர். டெல்லியில் இயற்பியல் படித்துவிட்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அங்கே அனலாக் கணினிக்கான மின்னணு உறுப்புகளை வடிவமைத்து, கையாலேயே கட்டியதற்காக 1955இல் பட்டயம் பெற்றார். இது சிறிய செய்தியல்ல. நிரல் எழுதுவதற்கு முன்பே கணினியின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தவர் அவர். 1961இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1963இல் ஐ.ஐ.டி. கான்பூர். அதே ஆண்டு அங்கே ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியது. 1965இல் கணினி அறிவியலில் எம்.டெக். படிப்பு அங்கே தொடங்கியது. 1969இல் அவருடைய ஃபோர்ட்ரான் நிரலாக்க நூல் வெளிவந்தது.

ஒரே கணக்கைப் பல செயலிகள் ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்வதே இணைக் கணிப்பு. அதன் அடிப்படைச் சிக்கலை விளக்க, நான் இதை எழுதும், திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடக்கிறார்கள். ஒருவர் கால் வலித்து உட்கார்ந்தால் மற்றவர் விலகி நடக்கிறார். யாருடைய வலமும் நிற்பதில்லை. ஆதி அண்ணாமலையார் கோயிலையும் வாயு, குபேர லிங்கங்களையும் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார் கோயில். அந்தச் சின்னஞ்சிறு வாசலில் தலையை நுழைத்து, ஒருக்களித்து, தவழ்ந்துதான் மறுபக்கம் வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர். பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அங்கே வரிசை நின்றே தீரும்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னது இதைத்தான். ஒரு கணக்கில் பத்தில் ஒரு பங்கை வரிசையாகத்தான் செய்ய முடியும் என்றால், ஆயிரம் செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. ஆகவே செயலிகளை வாங்கி அடுக்குவது பாதி வேலைகூட இல்லை. கணக்கில் இடுக்கு எங்கே என்று கண்டு, அதை அகலப்படுத்தத் தெரிந்த நிரலாளர்தான் முக்கியம்.

1982இல் ராஜாராமன் இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பினார். அதே ஆண்டு, அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி எம்.சி.ஏ. படிப்பு தொடங்கியது. 1986இல் பெங்களூரு தேசிய வானூர்தியியல் ஆய்வுக்கூடம் பாய்ம இயக்கவியல் கணக்குகளுக்காக ‘ஃப்ளோசால்வர்’ என்ற இணைக் கணினியைக் கட்டியது. மறுப்புக் கதைக்குள் அடங்காத சான்று இது.

பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழு அமைத்த குழுவுக்கு 1987இல் ராஜாராமன் தலைவரானார். மிக வேகமான ஒற்றைச் செயலியைத் துரத்த வேண்டாம், சாதாரணச் செயலிகள் பலவற்றை இணைப்போம் என்பதே அக்குழுவின் பரிந்துரை. சில்லுகளைச் சந்தையில் வாங்கிவிடலாம். இணைக்கும் அறிவு நம்மிடம் வேண்டும். அக்காலத்தில் இதைவிடத் தெளிவான முடிவு எடுக்கப்பட்டதாக நான் கருதவில்லை. 1988இல் புனேயில் உயர்நிலைக் கணினி மேம்பாட்டு மையமான சி-டாக் உருவானது. 1991இல் விஜய் பட்கர் தலைமையில் ‘பரம் 8000’ வெளிவந்தது. அதன் ஒவ்வொரு டிரான்ஸ்பியூட்டர் சில்லும் நான்கு இணைப்புகள் வழியே அண்டைச் சில்லுகளோடு பேசியது.

ராஜாராமன் அதன் பிறகும் பாடநூல் எழுதுவதை நிறுத்தவில்லை. சி. சிவராம் மூர்த்தியுடன் இணைந்து எழுதிய இணைக் கணினிகள் பற்றிய நூலை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 2025 நவம்பரில், 92ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் பரிந்துரைத்த எம்.சி.ஏ. இன்று திருவண்ணாமலையிலும் கற்பிக்கப்படுகிறது. அந்த வகுப்புகளில் பரம் கணினியின் கதையைச் சொல்லும் ஆசிரியர்கள், 1988இல் தொடங்காமல் 1963இல் இருந்து தொடங்க வேண்டும்.