வீட்டை விட்டுப் போன பிரதி

ரோமப் பேரரசு விழுந்தது, அதுக்கப்புறம் ஆயிரம் வருஷம் ஐரோப்பா இருட்டில் கிடந்தது, பிறகு மறுமலர்ச்சி வந்து விளக்கைப் போட்டது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஐரோப்பிய வரலாற்றின் சுருக்கம் கிட்டத்தட்ட இதுதான். இந்தக் கதை எவ்வளவு ஓட்டை என்று காட்ட ஒரே ஒரு புத்தகம் போதும்.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரின் லாரன்ஷியன் நூலகத்தில் அது இருக்கிறது. பெயர் கோடெக்ஸ் அமியாட்டினஸ். முழு பைபிளும் ஒரே கட்டில், லத்தீனில். கன்றுத்தோலில் 1,030 தாள்கள், எடை 34 கிலோவுக்கு மேல். ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு முழுசாக இருக்கும் பிரதிகளில் இன்று நம்மிடம் உள்ளதிலேயே பழையது இதுதான். எழுத்தின் அழகைப் பார்த்து, இது இத்தாலியில் எழுதியதுதான் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். வேறெங்கே இப்படி எழுத முடியும்?

எழுதப்பட்ட இடம் நார்த்தம்பிரியா. இன்றைய இங்கிலாந்தின் வடபகுதியும் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கும் சேர்ந்த ஒரு சின்ன ராஜ்ஜியம். ரோமிலிருந்து பார்த்தால் உலகத்தின் ஓரம்.

அங்கே பெனடிக்ட் பிஸ்கப் என்று ஒரு பிரபு. அரசவைப் பதவியையும் நிலத்தையும் 25 வயதில் உதறிவிட்டு ரோமுக்குக் கிளம்பியவர். பிறகும் பலமுறை போய் வந்தார். 674-ல் வியர்மவுத்தில் ஒரு மடம் கட்டினார், அடுத்த பத்து வருஷத்துக்குள் ஜாரோவில் இன்னொன்று. ரெண்டு இடம், ஆனால் ஒரே மடம் என்றுதான் கணக்கு. ஜாரோ தேவாலயத்தின் 685-ம் வருஷத்து அர்ப்பணக் கல்வெட்டு இன்றும் அங்கே சுவரில் இருக்கிறது.

பிஸ்கப் ஊர் திரும்பும்போதெல்லாம் ஏதாவது கொண்டு வந்தார். ரோமிலிருந்து புத்தகங்கள், ஓவியங்கள், பாட்டு சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர். கண்ணாடி செய்யத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒருத்தரும் இல்லாததால் கால் நாட்டிலிருந்து (இன்றைய பிரான்ஸ்) ஆட்களை வரவழைத்தார். அவர்கள் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டதோடு நிற்காமல், உள்ளூர்க்காரர்களுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். ஜாரோவில் தோண்டியபோது அந்த வண்ணக் கண்ணாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் சுவர்களில் ஓவியங்களை மாட்டினார்கள்.

அப்போது ஒரு புத்தகத்தின் விலை என்ன தெரியுமா? உலக நாடுகளைப் பற்றி பிஸ்கப் ரோமில் வாங்கி வந்த ஒரு அருமையான நூலுக்காக, மன்னர் ஆல்ட்ஃப்ரித் எட்டு குடும்பங்கள் பிழைக்கக்கூடிய நிலத்தை மடத்துக்குக் கொடுத்தார். அரசனே புத்தகம் படிக்கிறான், அதுக்கு நிலம் கொடுக்கிறான். இருண்ட காலமாம்!

ஆனால் இதெல்லாம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். 686 வாக்கில் கொள்ளைநோய் வந்தது. ஜாரோவில் வழிபாட்டுப் பாடல்களைப் பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். மிஞ்சியது ரெண்டே பேர்: மடாதிபதி சியோல்ஃப்ரித், அப்புறம் ஒரு சின்னப் பையன். கொஞ்ச நாள் பாடல்களைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் மடாதிபதிக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி ஆட்கள் தயாராகும் வரை ரெண்டு பேருமே முழு வழிபாட்டையும் இழுத்துப் பிடித்து நடத்தினார்கள். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் பெரிய அறிஞரான பீட் என்று பலரும் கருதுகிறார்கள்.

இதை அனுபவித்த சியோல்ஃப்ரித்துக்கு, ஒரே இடத்தில் இருக்கும் அறிவு எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெண்டு மடங்களின் நூலகத்தையும் இரட்டிப்பாக்கினார். பிறகு பெரிய வேலையில் இறங்கினார்: முழு பைபிள், ஒன்றல்ல, மூணு. வியர்மவுத்துக்கு ஒன்று, ஜாரோவுக்கு ஒன்று. மூணாவது, ரோமில் புனித பேதுருவுக்குக் காணிக்கை.

செலவைக் கணக்குப் போடுங்கள். ஒரு கன்றின் தோலில் இந்த அளவுக்கு ரெண்டு தாள்தான் வரும். ஒரு பிரதிக்கே 500 கன்றுகளுக்கு மேல். மூணுக்கும் சேர்த்து சுமார் 1,500. தோலை ஊறவைத்து, சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, கோடு போட்டு, அப்புறம்தான் எழுத்து. அமியாட்டினஸில் மட்டும் ஏழு பேரின் கையெழுத்து தெரிகிறது.

அதில் ஒரு முழுப்பக்க ஓவியம் உண்டு. எஸ்ரா என்ற வேதபாரகர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார், பின்னால் திறந்த அலமாரியில் ஒன்பது புத்தகங்கள். எதிரிகள் எரித்த வேத நூல்களை மறுபடி எழுதி மீட்டவர் என்று மேலே குறிப்பு. ஒரு பிரதி எடுக்கும் கூடம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதுக்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

716 ஜூன் மாதம், 74 வயதில் சியோல்ஃப்ரித் பதவியை விட்டுவிட்டு அந்த மூணாவது பிரதியோடு ரோமுக்குக் கிளம்பினார். அவர் விட்டுப்போன துறவிகள் மட்டும் 600 பேருக்கு மேல். அவர் ரோம் போய்ச் சேரவில்லை. செப்டம்பர் 25 அன்று, இன்றைய பிரான்சில் உள்ள லாங்ரெஸ் என்ற ஊரில் இறந்தார். கூட வந்தவர்களில் சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

வீட்டிலேயே வைத்துக்கொண்ட ரெண்டு பிரதிகள் என்ன ஆச்சு? 793-ல் வைகிங்குகள் அந்தக் கடற்கரையில் இருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கினார்கள். அடுத்த வருஷம் அவர்கள் தாக்கிய மடம் ஜாரோ என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நூறு வருஷம் ஆவதற்குள் மட வாழ்க்கை அங்கே நின்றுபோனது. அந்த ரெண்டு பைபிள்களில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு டஜன் தாள் சொச்சம். ஒரு தாள் நியூகாசிலில் ஒரு கடையில் கிடைத்தது. வேறு சில தாள்கள், பிற்காலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தின் சொத்துப் பத்திரங்களுக்கு உறையாக மாட்டப்பட்டிருந்தன.

எங்கள் தொழிலில் பேக்கப்புக்கு ஒரு விதி உண்டு: மூணு பிரதி வை, அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். சியோல்ஃப்ரித் பேக்கப் எடுக்க நினைக்கவில்லை, காணிக்கை கொடுக்க நினைத்தார். ஆனால் முழுசாகப் பிழைத்தது அந்தக் காணிக்கைதான். கொடுத்தது நின்றது, வைத்துக்கொண்டது போனது.

பிழைத்ததும் சும்மா பிழைக்கவில்லை. இத்தாலியில் அமியாட்டா மலை மடத்துக்கு அது எப்போதோ போய்ச் சேர்ந்தது. அர்ப்பணப் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர் சியோல்ஃப்ரித்தின் பெயரை யாரோ சுரண்டி, லம்பார்டு பீட்டர் என்ற மடாதிபதியின் பெயரை எழுதிவிட்டார்கள். அதனால்தான் இத்தாலியப் புத்தகம் என்று எல்லாரும் நம்பினார்கள். 1880-களில் டி ரோஸ்ஸி என்ற இத்தாலிய அறிஞர், சுரண்டிய இடத்தில் இருந்தது சியோல்ஃப்ரித்தின் பெயர் என்று ஊகித்தார். ஹார்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் அதை உறுதி செய்தார். எப்படி? சியோல்ஃப்ரித்தின் மடத்திலேயே, பெயர் சொல்லாத ஒருத்தர் அவருடைய வாழ்க்கைச் சரித்திரத்தை எழுதி வைத்திருந்தார். ரோமுக்குப் போன பைபிளில் இருந்த அர்ப்பண வரிகளையும் அதில் அப்படியே எழுதியிருந்தார். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்திவிட்டது.

பீட் எழுதிய நூல்களும் இப்படிப் பரவித்தான் நிலைத்தன. 731-ல் அவர் முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாறுதான், இயேசு பிறப்பிலிருந்து வருஷத்தை எண்ணும் வழக்கம் பரவப் பெரிய காரணம். ஜெர்மனியில் இருந்த ஆங்கிலேயத் துறவிகள் அவருடைய நூல்களை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 764-ல் மடாதிபதி கத்பர்ட் எழுதிய பதில் கடிதம் கிடைத்திருக்கிறது: குளிர் கடுமை, எழுதுகிறவருக்குக் கை ஓடவில்லை, அதனால்தான் நிறைய அனுப்ப முடியவில்லை என்கிறார். கூடவே, கண்ணாடிப் பாத்திரம் செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள் என்று ஒரு வேண்டுகோள். சில தலைமுறைகளுக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் வந்து கற்றுக்கொடுத்த தொழில் அதற்குள் கையை விட்டுப் போயிருந்தது!

பொற்காலம், இருண்ட காலம் என்று நாம் சுலபமாகப் பெயர் வைத்துவிடுகிறோம். வியர்மவுத்திலும் ஜாரோவிலும் ரெண்டும் ஒரே சமயத்தில் இருந்தன. கண்ணாடித் தொழில் மறந்துபோன அதே மடத்தில், குளிரில் விறைத்த கையோடு யாரோ பீட்டின் புத்தகத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2018-ல் ஒரு கண்காட்சிக்காக அமியாட்டினஸ் லண்டன் வந்தது. கிளம்பி 1,302 வருஷம் கழித்து, முதல் தடவையாக. அதன் கூடப் பிறந்த ரெண்டு பைபிள்களில் மிச்சமுள்ள தாள்கள் இருப்பதும் அதே நகரத்தில்தான்.