ஆணியும் மருவும்: சொல்வழி ஒரு மருத்துவ வரலாறு

நோய்ப்பெயர்கள் வெறும் குறியீடுகள் அல்ல. ஒரு நோயை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர், அதற்கு எதனைக் காரணமாகக் கருதினர், எம்முறையால் போக்க முயன்றனர் என்பனவெல்லாம் பெயருள் அடங்கிக் கிடக்கும். கையிலும் காலிலும் தோன்றும் சிறு தோல்வளர்ச்சிகளின் பெயர்கள் இதற்குத் தக்க சான்றாகும். உயிருக்கு ஊறு செய்யாதவை ஆதலின், இவை ஆய்வாளர் கருத்தை மிகுதியும் ஈர்த்தில. எனினும், இப்பெயர்களில் நேர்ந்த மயக்கம் மருத்துவத்திலும் மயக்கமாய்த் தொடர்ந்துள்ளது என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்வோம்.

தமிழ் வழக்கை முதற்கண் நோக்குவோம். இடையறாத உரசலால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்தலைக் 'காய்ப்பு' என்கிறோம். உழைப்பவர் கைகளைக் 'காய்ப்பேறிய கைகள்' என்பது வழக்கு. அத்தடிப்பு ஓரிடத்தில் குவிந்து, கூம்பாய் உள்நோக்கி அழுத்தி, நடக்குங்கால் குத்துமாயின் அது 'கால் ஆணி' எனப்படும். சொரசொரப்பாய்ப் புடைத்தெழும் வளர்ச்சி 'மரு' ஆகும். 'பாலுண்ணி' என்பதும் அதற்கு வழங்கும் பெயரே. 'மறு' என்னும் சொல் இவற்றின் வேறானது. திருக்குறளின் 957-ஆம் குறளில் அது திங்களின் களங்கத்தைக் குறிக்கின்றது. அங்குப் புடைப்பு என்னும் பொருளில்லை, நிறவேறுபாடே பொருள். ரகர றகர வேறுபாடு பேச்சில் பல பகுதிகளில் மறைந்தமையால் மருவும் மறுவும் செவிக்கு ஒன்றாயின. இஃது எழுத்தளவில் நிகழ்ந்த மயக்கம். பொருளளவில் நிகழ்ந்த பெருமயக்கம் 'ஆணி' என்னும் சொல்லில் உள்ளது.

காலில் உண்டாகும் இவ்வளர்ச்சியை ஆணியாகக் கண்டவர் தமிழர் மட்டும் அல்லர். கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீன மொழியில் மருத்துவ நூல் யாத்த செல்சசு என்பார், இதனைக் 'கிளாவசு' என்னும் பெயரால் குறிக்கின்றார். அச்சொல்லின் நேர்ப்பொருள் ஆணி என்பதே. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை 44 சிறுநோய்களைத் தொகுத்துரைக்கும் பகுதியில் இதனைக் 'கதரம்' எனப் பெயரிட்டு, முளை போன்ற கடினமுடையது, இலந்தைக்கனி அளவினது, நோவுடையது என விளக்குகின்றது. மருப்போன்ற தோல்வளர்ச்சிக்கு அந்நூல் வழங்கும் 'சருமகீலம்' என்னும் பெயருக்கும் 'தோல்முளை' என்பதே பொருள். மூன்று மொழியினரும் ஒரே உவமையை அடைந்தமைக்கு ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் கொண்டனர் எனக் கருதவேண்டுவதில்லை. அடி வைக்குந்தோறும் ஆணி தைத்தாற்போன்ற நோவு எல்லா மக்களுக்கும் பொதுவன்றோ!

ஏனைய பெயர்களும் உவமை வழியே பிறந்தன. கரிய சிறு புடைப்பை உளுந்தோடு ஒப்பிட்டு 'மாசகம்' என்றது வடமொழி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆழப் பதிந்த மருவைக் கிரேக்கர் எறும்பின் பெயரால் 'மிர்மெகியா' என்றனர். தமிழ்ப் 'பாலுண்ணி' தோலைப் பற்றிக் கிடக்கும் உண்ணியை நினைவூட்டும் பெயராகக் கொள்ளத்தக்கது. ஈண்டு ஒன்று நோக்கற்பாலது: செல்சசு மிர்மெகியாவையும் கிளாவசையும் வெவ்வேறு நோய்களாகவே பிரித்துரைக்கின்றார். சிலவகை மருக்கள் தாமே மறையும் என்றும், இவ்விரண்டும் மருத்துவமின்றி அரிதாகவே நீங்கும் என்றும் அவர் குறித்துள்ளார். தமிழ்ப் பேச்சு வழக்கிலோ, உள்ளங்காலில் தோன்றும் மருவும் நடக்குங்கால் குத்துதலின், அதுவும் 'கால் ஆணி' என்றே சுட்டப்படுகின்றது. உணர்ச்சி ஒன்றாயினும் நோய் இரண்டு என்பது இதனால் மறைந்துபோயிற்று.

ஆணி என்னும் உவமை மருத்துவத்தையும் வழிநடத்திற்று. தைத்த ஆணியைப் பிடுங்குதல் இயல்பு. கதரத்தை அறுத்தெடுத்து அவ்விடத்தைச் சுட்ட நெய்ப்பொருளால் சுடுக என்பது சுசுருதர் கூறும் முறை. செல்சசோ, அவ்வப்போது மெல்லச் சுரண்டுதலே ஏற்றது என்றார். காய்ப்புக்கு இன்றைய மருத்துவர் கொள்ளும் முறைக்கு இவருரை பெரிதும் அணித்தாயுள்ளது.

இக்கால அறிவு இவ்விரு நோய்களையும் காரணத்தாலேயே பிரிக்கின்றது. ஆணி என்பது அழுத்தத்திற்குத் தோல் தரும் விடை; இறுக்கமான செருப்பு, எலும்பின் புடைப்பு, நடையின் கோணல் ஆகியவை அதன் காரணங்கள். மரு, வைரசு என்னும் நச்சுயிரியால் வருவது. 1907-இல் இத்தாலிய மருத்துவர் சியூஃபோ, மருவை அரைத்து நுண்துளை வடிகட்டியில் வடித்த நீராலேயே மரு தோன்றுதலைக் காட்டினார். 1949-இல் அந்நுண்துகள்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியிற் காணப்பட்டன. தோலின் சிறு வெடிப்புகள் வழியே இந்நச்சுயிரி நுழைந்து மேற்றோலிலேயே தங்குகின்றது. ஆதலின் மருவுக்கு வேர் இல்லை. அதனைச் சீவுங்கால் தோன்றும் கரும்புள்ளிகள் குருதி உறைந்த நுண்குழாய்களே. வேரைத் தேடி அகழ்வோர் புண்ணையும் தழும்பையுமே பெறுவர். நச்சுயிரி அருகிலும் பரவக்கூடும்.

இரண்டையும் பிரித்தறிதல் அரிதன்று. ஆணியின் மேல் தோல்வரிகள் தொடர்ந்து செல்லும். மருவில் அவை விலகிச் சுற்றிப் போகும். நேரே அழுத்தின் ஆணி நோவும். பக்கங்களிலிருந்து நெருக்கின் மரு நோவும். ஆணிக்கு அழுத்தத்தை நீக்குதலே முதன் மருத்துவம். அது நீங்காதாயின் எத்தனை முறை சீவினும் மீண்டும் வளரும். மருவுக்குச் சாலிசிலிக் அமிலத்தைப் பல வாரங்கள் விடாது இடுதலும், நீர்ம நைட்ரசனால் உறையச் செய்தலும் இன்றைய முறைகள். நீரிழிவு உடையோரும் காலிற் குருதியோட்டம் குன்றியோரும் அமிலமோ கத்தியோ தாமே கொள்ளாது மருத்துவரை நாடுதல் வேண்டும். உணர்விழந்த காலில் சிறு புண்ணும் பெருங்கேடாய் முடியும்.

நாட்டு மருத்துவத்தை மதிப்பிடுங்கால் நடுநிலை வேண்டும். அம்மான் பச்சரிசியின் பாலைப் பாலுண்ணிக்குத் தடவுதலும், சுண்ணாம்பின் காரத்தை இடுதலும் தோலை அரித்து நீக்குவன. அவை நற்றோலையும் அரிக்கும். திருத்தலங்களில் உப்பும் மிளகும் காணிக்கையாக இடும் வழக்கமும் உண்டு. சிறுவர்க்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு ஈராண்டுக்குள் தாமே மறைவன என்பதை நினைப்பின், இவையனைத்தும் பயன் தந்ததாய் மக்கள் நம்பியதன் காரணம் விளங்கும். பழமையைப் போற்றும் ஆர்வத்தால் வேறொரு பிழையும் நேர்கின்றது. வில்லோ மரப்பட்டையைச் சுட்டுப் புளிங்காடியிற் குழைத்து ஆணிக்கு இடுக எனக் கிரேக்க மருத்துவர் தியாசுகோரிதீசு கூறினார். 1838-இல் பிரியா என்னும் வேதியலார் ஆக்கிய சாலிசிலிக் அமிலம் அம்மரத்தின் இலத்தீனப் பெயரையே தாங்குகின்றது. இதுகொண்டு முன்னோர் அவ்வமிலத்தை அறிந்திருந்தனர் என்பாருளர். சுட்ட சாம்பலில் அம்மூலப்பொருள் எஞ்சுதல் இயலாது. ஆதலின் அஃது ஒப்புமையே அன்றி முன்னறிவு ஆகாது.

இதனால் தமிழாய்வார் கொள்ளத்தக்க பயன் யாது? மருத்துவ ஏடுகளைப் பதிப்பிப்போர் 'ஆணி' என்னும் சொல் வருமிடந்தோறும் ஒரே பொருள் உரைத்தல் கூடாது. இடம், வடிவு, நோவு, கூறப்படும் மருந்து ஆகியவற்றை ஒருங்கு நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். அகராதி தொகுப்போர் அழுத்தத்தால் வருவதை 'ஆணி' என்றும், நச்சுயிரியால் உள்ளங்காலில் வருவதை 'அடிக்கால் மரு' என்றும் வேறுபடுத்தி நிறுத்துதல் நலம். முன்னோர் தந்த பெயர் நோவைச் செவ்வையாகச் சொல்லிற்று. காரணத்தைச் சொல்லும் பெயரை ஆக்குதல் நம் கடன். சொல் தெளியின் மருத்துவமும் தெளியும்.