அட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டு

1960களில் மெயின்பிரேம் கணினிக்குத் தரவு தயாரித்த கூடங்களில் ஒரே விவரத்தை இரண்டு பேர் தட்டுவது வழக்கம். பெரும்பாலும் இருவருமே பெண்கள். முதலாமவர் படிவத்தைப் பார்த்து 80 நெடுவரிசை கொண்ட அட்டையில் துளையிடுவார். இரண்டாமவர் அதே படிவத்தைப் பார்த்து அதே விசைகளை மறுபடி அழுத்துவார். அவருடைய இயந்திரம் துளை போடாது. ஏற்கெனவே உள்ள துளையோடு ஒப்பிடும். எல்லாம் பொருந்தினால் ஐபிஎம் இயந்திரத்தில் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழும். பிழை இருந்தால் அந்த நெடுவரிசைக்கு மேலே விழும். இன்னொருத்தி செய்ததையே நாள் முழுக்கத் திரும்பச் செய்த உழைப்புக்கு மிச்சமாகும் தடயம் அந்த வெட்டுதான்.

இந்தக் கூடத்தில் கணினி இருக்காது. அது வேறோர் அறையில், குளிர்சாதனக் காற்றில் இருக்கும். அட்டைக் கட்டுகளை ஊட்டுவதும் காந்த நாடாக்களை மாற்றுவதும் ஆபரேட்டர் வேலை. நிரல் எழுதியவர் பென்சிலால் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு காற்புள்ளி தவறினாலும் அடுத்த முறை வரும்வரை பொறுக்க வேண்டும். மேலாளர் எதையும் தொடுவதில்லை. அச்சிட்ட அறிக்கை மட்டும் அவர் மேசைக்கு வரும். சம்பளமும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் ஏறியது.

பிரிட்டன் அரசுப் பணியில் இது விதியாகவே எழுதப்பட்டிருந்தது. அங்கே 1955இல் தொடங்கிப் படிப்படியாக 1961க்குள் பெண்களுக்குச் சம ஊதியம் வந்தது. ஆனால் இயந்திரப் பிரிவுப் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பிரிவில் ஆண்கள் இல்லை என்பது காரணமாம்! ஆண்கள் வராத அளவுக்குச் சம்பளத்தைத் தாழ்த்தி வைத்தவர்களே சொன்ன காரணம் இது.

வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் தன் ஆய்வில் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். 1959இல் அரசின் புதிய கணினிகளுக்கு நிரல் எழுதிச் சோதித்துக்கொண்டிருந்தவர். கணினி அனுபவமே இல்லாத இரண்டு புதியவர்களுக்கு அவரே பயிற்சியும் தந்தார். பயிற்சி முடிந்ததும் அவர்கள் நிர்வாகப் பொறுப்புக்குப் போனார்கள். இவர் அவர்களுக்குக் கீழே உதவியாளராக்கப்பட்டார். திறமை போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. திறமையைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சூழலிலிருந்து வெளியேறியவர்தான் ஸ்டெஃபனி ஷெர்லி. டாலிஸ் ஹில் அஞ்சல்துறை ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். 1962இல் ஆறு பவுண்டு முதலீட்டில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். திருமணத்தாலும் குழந்தைகளாலும் வேலையை விட்ட பெண்களை வீட்டிலிருந்தே நிரல் எழுத வைத்தார். தன் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். பதில் வந்தது. கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் அவர் குழுவின் வேலைதான். பெண்களுக்கு முன்னுரிமை என்ற அவர் கொள்கையை 1975இல் வந்த பால் பாகுபாட்டுத் தடைச் சட்டமே சட்டவிரோதமாக்கியது வேடிக்கை.

ஷெர்லியின் கதையை நாம் விரும்பிச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த வீடுகளில் கணினி இல்லை. சமையலறை மேசையில் பென்சிலால் எழுதிய தாள் தபாலில் தரவு மையத்துக்குப் போனது. அங்கே ஒருவர் அதைத் தட்டித் துளையிட்டார். பிறகு சரிபார்க்க, மறுபடியும் முழுவதும் தட்டப்பட்டது.