மகளிர் இடஒதுக்கீடு (இந்தியா)

உள்ளாட்சி மன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கென ஒதுக்கும் அரசியலமைப்பு ஏற்பாடு மகளிர் இடஒதுக்கீடு எனப்படுகிறது. உள்ளாட்சிகளுக்கு இது 1993இல் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றங்களுக்கும் மக்களவைக்குமான சட்டம் 2023இல்தான் நிறைவேறியது. ஊராட்சியில் பெண்ணுக்கு இடம் தர ஒப்பிய கட்சிகள், தங்கள் சொந்த இருக்கைகள் பறிபோகும் இடத்தில் தயங்கி நின்றதே இடைப்பட்ட முப்பதாண்டுத் தாமதத்துக்கு முதன்மைக் காரணம்.

சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சிலரே வாக்களிக்க முடிந்தது. 1926இல் முத்துலட்சுமி ரெட்டி மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, மறு ஆண்டு அதன் துணைத் தலைவரானார். அக்காலப் பெண் தலைவர்கள் பலர் தனி இடங்களை வேண்டாம் என்றனர். சமமான வாக்குரிமை இருந்தால் தகுதியே வழி திறந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. விடுதலைக்குப் பிந்தைய தேர்தல்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. பெண்களின் நிலையை ஆராய்ந்த குழு 1974இல் அளித்த அறிக்கையில் பெரும்பான்மையோர் சட்டமன்ற ஒதுக்கீட்டை ஏற்காதபோதும், வீணா மஜும்தார், லோதிகா சர்க்கார் போன்றோர் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்தனர்.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு உறுதிசெய்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான இடங்களுக்குள்ளும் அதே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் புதிய சட்டத்தின்கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. 2016இல் பங்கு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

பல ஊர்களில் தலைவர் நாற்காலியில் மனைவி, அதிகாரத்தில் கணவர் என்ற நிலை இருந்ததும் இன்னும் சில இடங்களில் இருப்பதும் உண்மை. ஆனால் அதை மட்டுமே சொல்லி இந்த ஏற்பாட்டைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டதைக் காட்டியது. தண்ணீருக்குக் குடம் சுமப்பவர்களின் தேவை அப்போதுதான் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. அந்தப் பணிக்குச் சில வேளை உயிரே விலையானது. மதுரை மாநகராட்சி மாமன்ற உறுப்பினராக வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி, வில்லாபுரம் மக்களுக்குக் குழாய்நீர் கிடைக்கப் பாடுபட்டார். தண்ணீர் விற்பனையில் ஆதாயம் கண்டவர்களின் பகை சேர்ந்தது. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

நாடாளுமன்றக் கதை வேறு வகை. 1996 செப்டம்பரில் தேவ கவுடா அரசு 81ஆம் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழு அதை ஆராய்ந்தது. 1998இல் சட்ட அமைச்சர் தம்பிதுரையிடமிருந்து மசோதா பறிக்கப்பட்டு அவையிலேயே கிழிக்கப்பட்டது. பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். நியாயமான கோரிக்கைதான், ஆனால் அதை நிறைவேற்றப் பாடுபட்டதைவிட, மசோதாவைத் தடுக்கவே அது அதிகம் பயன்பட்டது. 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவை ஒப்புதல் தந்தும், மக்களவையில் வாக்கெடுப்பே நடக்கவில்லை.

2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரிக்க, இருவர் எதிர்க்க, 106ஆம் திருத்தம் நிறைவேறியது. மக்களவை, மாநிலச் சட்டமன்றங்கள், தில்லிச் சட்டமன்றம் ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு 15 ஆண்டுகளுக்கு ஒதுக்கப்படும். மாநிலங்களவைக்கும் மேலவைகளுக்கும் இது பொருந்தாது. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடும் இல்லை. சட்டம் வந்தபின் எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. உள்ளாட்சி ஒதுக்கீட்டுக்கு இத்தகைய நிபந்தனை இருந்ததில்லை.

ஆகவே 2024 மக்களவைத் தேர்தல் இந்த ஒதுக்கீடு இல்லாமலே நடந்தது. 543 உறுப்பினர்களில் பெண்கள் 74 பேர். அதற்கு முந்தைய மக்களவையில் 78 பேர் வென்றிருந்தனர். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 5 பெண்கள் வென்றனர். வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமைகளே தீர்மானிக்கின்றன. மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குத் தர அவற்றுக்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.