பேராதனையும் கண்டியும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் மகாவலி கங்கைக் கரையில் அமைந்த பல்கலைக்கழக ஊர் பேராதனை. அதற்கு வடகிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீற்றரில் உள்ளது கண்டி மாநகர். பேராதனையில் படிப்பவருக்கும் படிப்பிப்பவருக்கும் இரண்டும் சேர்ந்தே ஓர் ஊர்.

நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர் பொன்னம்பலம் அருணாசலம். அதைக் கொழும்பில் நிறுவுவதா, மலைநாட்டில் நிறுவுவதா என்ற வாதம் பிறகு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியபோது முதல் உபவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ், ஆசிரியரும் மாணவரும் உடனுறைந்து கற்கும் வளாகத்தையே விரும்பினார். ஹந்தானை மலைத்தொடருக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் அதற்கு வாய்த்தது. பற்றிக் அபர்குரொம்பி தளத்திட்டம் தீட்ட, கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் கண்டிய பாணி ஓட்டுக் கூரைகளோடு கட்டடங்களுக்கு உருக்கொடுத்தார். 1952 இல் பல்கலைக்கழகம் இங்கே குடிபுகுந்தது. சரிவின் போக்குக்கு இசைந்து, மரங்களுக்கு இடம்விட்டு எழுந்த இந்த வளாகம் தெற்காசியாவின் அழகான கல்விச்சூழல்களில் ஒன்று எனத் தயங்காமல் சொல்லலாம்.

335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி, இலங்கையின் மிக நீண்ட ஆறு. பேராதனையில் அது ஒரு கொண்டையூசி வளைவாகத் திரும்புகிறது. அந்த வளைவுக்குள் மூன்று பக்கமும் நீர் சூழ இருப்பது 147 ஏக்கர் அரச தாவரவியல் பூங்கா. 1821 இல் அலெக்சாண்டர் மூன் அதற்கு அடித்தளமிட்டார். இரண்டாம் உலகப்போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 இல் இங்கேதான் வந்திறங்கியது. கொழும்பிலிருந்து 1964 இல் வந்த பொறியியல் பீடம் ஆற்றின் மறுகரையில் அமைந்ததால், ‘அக்பர் பாலம்’ என்னும் நடைபாலம் மாணவரின் அன்றாட வழியாயிற்று. மழைக்காலத்தில் கலங்கிப் புரளும் நீரை அதன்மேல் நின்று பார்த்தவருக்கு இந்த ஆற்றின் வலிமை விளங்கும்.

தமிழருக்குப் பேராதனை தரும் நினைவுகளில் முதன்மையானது நாடகம். எதிரிவீர சரச்சந்திர 1956 இல் ‘மனமே’ நாடகத்தின் மூலம் சிங்கள அரங்குக்குப் புதுவழி காட்டினார். அவர் எடுத்தாண்ட ‘நாடகம’ வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவை 1960களில் மாணவர்களைக் கொண்டு அரங்கேறின. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தைச் சில மணி நேர மேடைக்கு அளவாகச் சுருக்கியபோதும், ஆட்டத்தின் மிடுக்கை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஈழத்து நாடக வரலாற்றில் இதற்கு ஈடான பல்கலைக்கழக முயற்சி குறைவு. இலக்கியத் திறனாய்வாளர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் உருவான வகுப்பறைகளும் இங்கேயே.

வளாகத்தில் குறிஞ்சிக் குமரன் ஆலயம் இருக்கிறது. பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய வழிபாட்டிடங்களும் உள்ளன. தமிழ்த் தலைவர்களான இராமநாதன், அருணாசலம் பெயர்களில் விடுதிகள் நிற்கின்றன. ஆயினும் 1983 மே மாதத்தில் தமிழ் மாணவர் இங்கே தாக்கப்பட்டு வெளியேற நேர்ந்தது. 1980களின் இறுதியில், தெற்கின் கிளர்ச்சிக்காலத்தில் சிங்கள மாணவர் பலரும் உயிரிழந்தனர். அழகைச் சொல்லி இவற்றை மறைப்பது அந்த மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.

எல்லோரையும் உள்ளேயே தங்கவைக்கும் ஜெனிங்ஸின் எண்ணம் மாணவர் தொகை பெருகியதும் தளர்ந்தது. விடுதியில் இடம் கிடைக்காதவர் ஹிந்தகல, கன்னொருவ, கெட்டம்பே பக்கங்களில் அறை எடுத்துத் தங்குகின்றனர். வீட்டுக்காரருக்கு அது நிலையான வருமானம். புதிதாக வரும் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்புப் பிள்ளைக்குச் சிங்களம் பழகும் முதல் இடமும் அந்த வீட்டு முற்றமே. சீனியரின் பகிடிவதை முதலாண்டு வாழ்வின் தொல்லை. பலருக்கு அது வடுவாகவே தங்கிவிடுகிறது.

புத்தகம், துணிமணி, சினிமா, நல்ல சாப்பாடு என்று எதற்கும் கண்டிக்கே போகவேண்டும். 1815 இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த கடைசி இராச்சியத்தின் தலைநகர் அது. நாயக்க வம்சத்தின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய ஏரியும், தலதா மாளிகையும், ஆண்டுதோறும் நடக்கும் எசல பெரஹரா ஊர்வலமும் அதன் அடையாளங்கள். அம்மன்னன் 1832 இல் வேலூரில் சிறைக்கைதியாகவே இறந்தான். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழருக்கும் கண்டியே பெரிய சந்தை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் தெருவில் தமிழ் கேட்கக் குறைவில்லை.

பேராதனைக்கான பஸ்கள் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தருகே புறப்படும். மாலையில் கெட்டம்பே வீதி நெரிசலில் அந்தக் குறுகிய தூரமே நெடும்பயணமாகிவிடும். புகையிரதத்தில் வருவோர் வளாகத்துக்குப் பக்கத்திலுள்ள சரசவி உயன நிலையத்தில் இறங்கலாம். பதுளைக்கும் கண்டிக்கும் பாதை பிரிவது பேராதனைச் சந்தியில். கண்டிக்குள் நுழையாமலே மலையேறும் வண்டிகள் உண்டு என்பதால், புதியவர் பயணச்சீட்டு எடுக்குமுன் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.